மத்தீஸின் 'தொப்பி அணிந்த பெண்' ஓவியத்தில் முகம் ஏன் பச்சையாக இருக்கிறது?

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1905இல் வரைந்த இந்த ஓவியத்தில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய மனைவி அமெலி. பெரிய தொப்பி, கையுறை, விசிறி எல்லாம் அந்தக் காலத்து நாகரிகம்தான். முகத்துக்கு வரும்போதுதான் திகைப்பு: நெற்றியிலும் மூக்கிலும் பச்சைத் தீற்றல், கழுத்தில் ஆரஞ்சு.

இந்தப் பாணிக்கு ஃபாவிசம் என்று பெயர். பொருளின் உண்மையான நிறத்தை விட்டுவிட்டு, படத்துக்கு எது தேவையோ அந்த நிறத்தைத் தீட்டுவது, அவ்வளவுதான். சரி, அப்படியும் முகம் முகமாகத் தெரிவது எப்படி? வெளிச்சமும் நிழலும் விழும் விதத்தை வைத்தே பெரும்பாலும் நாம் முகத்தைப் புரிந்துகொள்கிறோம். கறுப்பு வெள்ளை போட்டோவைப் பார்த்து, 'இவருக்கு ஏன் சாம்பல் முகம்?' என்று யாரும் கேட்பதில்லையே! நிழலுக்கு வழக்கமான பழுப்பை வைக்காமல் மத்தீஸ் பச்சையை வைத்தார். பக்கத்திலிருக்கும் சிவப்பும் இளஞ்சிவப்பும் அதனால் இன்னும் பளிச்சிடுகின்றன. என்னைக் கேட்டால், அந்தப் பச்சையை எடுத்துவிட்டால் படமே சோர்ந்துவிடும்.

அந்த ஆண்டு பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் இது பெரும் கேலிக்கு ஆளானது. பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர்களான ஸ்டைன் குடும்பத்தார் இதை வாங்கினார்கள். இப்போது சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒழுங்காக வரையத் தெரியாததால்தான் இப்படித் தீட்டினார் என்று பலர் நினைக்கிறார்கள்; அவரோ முறைப்படி ஓவியம் பயின்று, லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து நகலெடுத்துப் பழகியவர்.