ஸ்ட்ரோக் வந்தவங்க கை ஏன் மடங்கி இறுகிப்போகுது? எண்ணெய் தேய்ச்சு இழுத்துவிட்டா சரியாகுமா?

உங்க வீட்லயும் யாரோ "நல்லா இழுத்துவிடு"ன்னு சொல்லியிருப்பாங்க. நானும் அதைச் செஞ்சவன்தான். டாக்டர் இல்ல, மூணு வருஷமா அப்பாவைப் பாத்துக்கிறவன், அவ்ளோதான்.

அப்பாவுக்கு மூளையில இடது பக்கம் அடைப்பு. மொதல்ல வலது கை ஈரத்துணி மாதிரி தொங்குச்சு. அஞ்சாறு வாரத்துல முழங்கை மடங்கி விரல் மூடிக்க ஆரம்பிச்சதும், பலம் திரும்புதுன்னு அம்மா மாவிளக்கு போட்டாங்க. நான் தினம் காலைல வெடுக்குனு இழுப்பேன், இழுக்க இழுக்க அது இன்னும் கெட்டியா திருப்பி இழுக்கும், "வேணும்னே பண்றீங்களாப்பா"ன்னு ஒருநாள் கத்தியே விட்டுட்டேன்.

அப்புறம் வந்த பிசியோ பொண்ணுதான் இது ஸ்பாஸ்டிசிட்டின்னு சொல்லுச்சு. தசை சட்டுனு நீண்டா அதுக்குள்ள இருக்க உணர் இழை தண்டுவடத்துக்கு சேதி அனுப்பும், தண்டுவடம் மூளையைக் கேக்காமலே 'சுருங்கு'ன்னுடும். முட்டிக்குக் கீழ சுத்தியல்ல தட்டினா கால் எகிறுதே, அதேதான். நமக்கு மூளை மேலருந்து அதை அடக்கி வச்சிருக்கு, அப்பாவுக்கு அந்தப் பிடி போயிடுச்சு. வேகமா இழுத்தா அதிகமா எதிர்க்கும். அந்தப் பொண்ணு மணிக்கட்டை மடக்கி வச்சு, கட்டைவிரல்லேருந்து மெதுவா, ரொம்ப மெதுவா பிரிச்சப்ப அந்த கை திறந்துச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

எண்ணெயே வேணாம்னு சொல்லல, சண்டைக்கு வராதீங்க. வெடுக்குனு இழுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

இறுக்கம் மொத்தமா போகணும்னும் ஆசைப்படாதீங்க. இறுக்கத்தைக் குறைக்கிற பேக்லோஃபென் மாத்திரையோட டோஸ் கூட்டினதும் அப்பா பாத்ரூம்ல அப்படியே உக்காந்துட்டார், கால் இறுக்கம்தான் அவரை நிக்க வச்சிருக்கு. அந்த மாத்திரையை நீங்களா திடீர்னும் நிறுத்தாதீங்க, ஃபிட்ஸ் வரலாம். இறுக்கம் திடீர்னு ஏறினா யூரின் இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல் இருக்கான்னு பாருங்க. கொட்டாவி விட்டா அந்த கை தானா எழும்பும், பக்கத்து வீட்டு அத்தை சொன்ன மாதிரி அது காத்து கருப்பு இல்ல.

சம்பந்தமில்லாததுதான், சொல்லாம போக முடியல. பென்ஷன் எடுக்கப் போனா பேங்க்ல கையெழுத்து ஒத்துப்போகலன்னாங்க. மாடியில பேங்க், லிஃப்ட் கிடையாது, ஒவ்வொரு படியா ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். டென்ஷன்ல அப்பா கை நெஞ்சோட ஒட்டிக்கிச்சு. கவுண்டர்ல இருந்தவர் அந்தக் கையைப் பாத்துக்கிட்டே, "இன்னொரு தடவ பழைய மாதிரி போடுங்க சார்"ங்கிறார்.