கழற்றி மாட்டும் முடிவெட்டும் மெஷின்: கேட்டதும் சொன்னதும்

பிளேடு, பேட்டரி எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாற்றுகிற மாதிரி முடிவெட்டும் மெஷினை நாமே வடிவமைப்பது பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

சார், மோட்டார், கியர், சுவிட்ச், பிளேடு, பேட்டரி என்று எல்லாமே உருவி எடுக்கிற மாதிரி செய்தால் என்ன?

செய்யலாம், ஆனால் வருத்தப்படுவீர்கள். நானும் முதல் மாதிரியில் மோட்டாரைத் தனியாக உருவும்படிதான் செய்தேன். மோட்டார் அச்சின் முனையில் மையத்திலிருந்து 1.2 மி.மீ. தள்ளி ஒரு முள் இருக்கும், அது சுற்றும்போது பிளேடு 2.4 மி.மீ. போய்வரும். முள் நுழையும் குழியில் 0.3 மி.மீ. ஆட்டம் இருந்தால் அவ்வளவும் வீச்சிலிருந்து கழிந்துவிடும், அதோடு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முள் குழியை அடித்து அடித்து இன்னும் பெரிதாக்கும். என் மெஷின் பத்தே நிமிடத்தில் முடியை வெட்டுவதை விட்டுவிட்டுப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. தலையைக் கொடுத்தது என் தம்பி, அதன் பிறகு நான் மெஷினை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். பிளேடுத் தலை, மோட்டாரோடு சேர்ந்த உடல், பேட்டரி, இந்த மூன்று துண்டு போதும்.

கடையில் கிடைக்கும் பிளேடு பொருந்தும்படி செய்ய முடியுமா?

தாராளமாக. ஏ5 வகை என்பார்கள், நாய்க்கு முடி வெட்டுபவர்களிடம் அதிகம் பார்க்கலாம். தட்டினால் மாட்டிக்கொள்ளும், பல கம்பெனிகள் ஒரே அமைப்பில் செய்கின்றன. நாமாகப் புதிதாக ஒரு கொக்கி கண்டுபிடிப்பதைவிட இது மேல். எண்ணில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்: பிளேடில் எண் கூடக் கூட முடி குட்டையாகும் (10 என்றால் 1.5 மி.மீ., 40 என்றால் 0.25 மி.மீ.), மேலே மாட்டும் சீப்பில் நேர் எதிர், 1 என்றால் 3 மி.மீ., 8 என்றால் 25 மி.மீ.

இரண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டும் பிளேடுதான் வேண்டும் என்றால் ஒரு விஷயம். அசையும் பிளேடின் பல்நுனி, அசையாத பிளேடின் நுனியைவிட 0.8 மி.மீ. வாக்கில் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வந்தால் தோலைக் கிழிக்கும். இந்த இடைவெளியை உடலில் அல்ல, பிளேடுத் தலைக்குள்ளேயே நிலைநிறுத்துங்கள். மேசையில் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டால் தலையை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அது மாறாது.

அண்ணா, கடகடவென்று சத்தம் போடும் பழைய காந்த வகையை பேட்டரியில் ஓட்டலாமா?

நேரடியாக ஓடாது தம்பி. அதற்குள் காந்தமாகி பிளேடை இழுக்கும் கம்பிச்சுருளுக்கு மாறுதிசை மின்சாரம் வேண்டும். 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 இழுப்பு, அதாவது நிமிடத்துக்கு 6000. 60 ஹெர்ட்ஸில் 7200. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் அந்தத் துடிப்புக்கு ஏற்றபடிதான் அமைந்திருக்கும். பேட்டரியில் சுற்றும் டிசி மோட்டார்தான் சரி.

18650 செல், ஏஏ செல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். 18650 லித்தியம் செல் 3.6 அல்லது 3.7 வோல்ட். ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட், மூன்றைத் தொடராகப் போட்டால் 3.6. மோட்டாருக்கு வித்தியாசமே பெரிதாகத் தெரியாது. ஆனால் இரண்டையும் சார்ஜ் செய்யும் விதம் வேறு வேறு. சார்ஜ் சர்க்யூட்டை மெஷின் உடலில் வைத்தால் என்றாவது ஒருநாள் தப்பான செல்லுக்குத் தப்பான சார்ஜ் போகும், லித்தியத்தில் அது தீப்பிடிக்கிற சமாச்சாரம். ஆகவே சார்ஜ் சர்க்யூட், பாதுகாப்பு சர்க்யூட் இரண்டும் பேட்டரித் துண்டுக்குள்ளேயே போகட்டும், உடலுக்கு இரண்டு கம்பி மட்டும் வரட்டும். துண்டைத் தலைகீழாக மாட்டவே முடியாதபடி ஒரு பக்கம் பள்ளம் வையுங்கள்.

எவ்வளவு நேரம் ஓடும் என்றும் கேட்டிருந்தீர்கள். 2500 மில்லி ஆம்பியர் மணி செல்லில் சுமார் 9 வாட் மணி இருக்கும், மோட்டார் 3 வாட் இழுத்தால் கணக்குக்கு 3 மணி நேரம், நடைமுறையில் கொஞ்சம் குறையும்.

யூ.எஸ்.பி. சி போர்ட் வைத்தேன். பழைய சார்ஜர் வயரில் ஏறுகிறது, இரண்டு பக்கமும் சி உள்ள வயரில் ஏறவில்லை.

போர்ட்டில் சிசி1, சிசி2 என்று இரண்டு பின்கள் உண்டு, எதிரில் ஒரு சாதனம் இருக்கிறது என்று சி சார்ஜர் அவற்றை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அவை இரண்டிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போக வேண்டும். அது இல்லாவிட்டால் சி சார்ஜர் கரண்டே விடாது. ஒரே ரெசிஸ்டரை இரண்டுக்கும் பொதுவாகப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்.

சுவர் மின்சாரத்தை நேராகக் கைப்பிடிக்குள் கொண்டுவரும் துண்டு ஒன்று?

வேண்டாம். ஈரத்தலைக்குப் பக்கத்தில் பிடிக்கிற சாமான், அதிலும் கழற்றி மாட்டும் உலோகமுனைகள் வெளியே தெரியும். அடாப்டர் சுவரோடு நிற்கட்டும், கைக்கு 5 வோல்ட் மட்டும் வரட்டும். விற்பதாக இருந்தால் ஐ.இ.சி. (மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தர அமைப்பு) 60335-2-8 தரநிலையைப் படித்துவிடுங்கள், ஷேவருக்கும் கிளிப்பருக்கும் உள்ளது அது.

வெட்டும்போது நடுவில் ஒரு நொடி நின்று திரும்ப ஓடுகிறது. பேட்டரி புதுசுதான்.

பேட்டரி முனையில் அதிர்வு. மெஷின் நடுங்கும்போது ஸ்பிரிங் முனை மில்லிநொடிக்கு விட்டுவிட்டுத் தொடுகிறது, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் சிப் ரீசெட் ஆகிறது. ஒரு துருவத்துக்கு இரண்டு ஸ்பிரிங் முனை போடுங்கள், கன்ட்ரோலருக்கு மட்டும் டயோடுக்குப் பின்னால் ஒரு கெப்பாசிட்டர் வையுங்கள், முனை விட்டுப்போகும் அந்த நேரத்துக்கு அது கரண்ட் கொடுக்கும். அதற்கு முன்னால் கழற்றி ஒருமுறை பாருங்கள். பிளேடு எண்ணெயில் ஊறிய முடித்தூள் முனையில் அப்பியிருந்தால் துடைத்தாலே சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்யலாமா?

கைப்பிடிக்குப் பரவாயில்லை. பிளேடு உட்காரும் தட்டுக்கு மட்டும் அலுமினியம். பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், எண்ணெய் போடாமல் ஓட்டினால் பிளேடு சூடாகும், அப்புறம் அந்த 0.8 மி.மீ. எங்கே போனது என்று என்னிடமே வந்து கேட்பீர்கள்.