தென்னந்தண்டில் துளை போட விடாதீர்கள்

கேள்வி: எட்டு வயதுத் தென்னை இருபது வைத்திருக்கிறேன். குரும்பை கொட்டுகிறது. தண்டில் துளை போட்டு டானிக் ஏற்றினால் ஒரே மாதத்தில் காய் பிடிக்கும் என்கிறார் ஊருக்கு வந்த ஒருவர். மரத்துக்கு 300 ரூபாய் கேட்கிறார். ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தாலும் போகட்டும், டிரில்லிங் மெஷினோடு அவரைத் தோப்புக்குள் விடாதீர்கள்.

துளையில் ஊற்றும் மருந்து மேலே ஏறும், அதில் பொய் இல்லை. வெயிலில் ஓலைகள் நீராவியை விட விட, அந்த இழுப்பில் வேரிலிருந்து குருத்துவரை மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஏறும். ஓலையில் உண்டாகும் சர்க்கரை வேறு குழாய்கள் வழியாகக் காய்க்கும் வேருக்கும் போகும். அறுத்த தென்னங்கட்டையின் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, ஒவ்வொரு புள்ளியும் இந்த இரு வகைக் குழாய்களும் சேர்ந்த ஒரு கட்டு.

மாவிலும் வேம்பிலும் பட்டைக்கு அடியில் ஒரு வளர்திசு உண்டு. அது புதுக் குழாய்களை உண்டாக்கும், காயத்தையும் மூடும். தென்னைக்கு அது கிடையாது. தண்டில் அமைந்த குழாய்களை வைத்துத்தான் ஆயுள் முழுவதும் ஓட்ட வேண்டும். போட்ட துளை ஆறாது. அந்தக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். காய்க்காக ஏற்றிய மருந்து கடைசியில் மரத்தையே கேட்கும்.

ஒரே ஒரு விலக்கு. கூன்வண்டு ஏற்கெனவே துளைத்த மரத்தில், பழுப்பு நிறச் சாறு வடியும் ஓட்டைகளை அடைத்து, மேல் ஓட்டை வழியாக மருந்து ஊற்றுவது உண்டு. அங்கே துளை போட்டது வண்டு, நாம் அல்ல. அதையும் வேளாண் அலுவலர் மரத்தைப் பார்த்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். ‘வண்டுக்கும் இதே முறைதானே’ என்று ஏஜென்ட் வாதாடுவார். நோயில்லாத மரத்துக்கு அது பொருந்தாது.

டானிக் கொடுக்க வேர் போதும். மண்ணைத் தோண்டி, பென்சில் தடிமனில் உயிருள்ள வேர் ஒன்றை எடுத்துச் சாய்வாகச் சீவுங்கள். 200 மி.லி. கரைசல் உள்ள பாலிதீன் பையில், நுனி அடியைத் தொடும்படி விட்டு, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மறுநாளும் குறையவில்லை என்றால் வேறு வேர் தேடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

டானிக் உரத்துக்கு மாற்று ஆகாது. காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ வேண்டும். இரண்டாகப் பிரித்து, மரத்தைச் சுற்றி, அடிமரத்திலிருந்து 1.8 மீட்டர் வரை எடுத்த வட்டப்பாத்தியில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் இல்லாமல் உரம் மேலே ஏறாது. மண் பரிசோதனை செய்வது நல்லது. ஆனால் நான் கொடுத்த மாதிரிக்கு உரம் போடும் பருவம் தாண்டித்தான் முடிவு வந்தது. ஒரு அலுவலர் தலையில் எத்தனை கிராமங்களைக் கட்டினால் அவரும்தான் என்ன செய்வார்? அந்த இடைவெளியில்தான் இந்த ஏஜென்ட்கள் நுழைகிறார்கள்.

இளம் மரத்தில் முதல் சில பாளைகளின் குரும்பை பாதிக்கு மேல் கொட்டுவது இயல்பு. பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், ஒரு மாதத்தில் எந்த மருந்தும் காய் தராது. கோடையில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பாளைகளிலும் இதே அளவு கொட்டினால், கொட்டிய குரும்பையையும் ஒரு ஓலையையும் எடுத்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.