சம்பளம் இல்லாமல் ஏன் இந்த வேலை? – ரீஃபாக்டரிங் கேள்வி பதில்

நிரல் செய்யும் வேலை மாறாமல் அதன் அமைப்பை மட்டும் திருத்துவதுதான் ரீஃபாக்டரிங். பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கிளிநொச்சியில் இருந்துகொண்டு ஊர்ப்பெயர் தேடும் ஒரு திறந்த மூலச் செயலிக்கு (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியது) பங்களிக்கும் அக்கா. கேட்டவரின் ஊரே கேள்வியின் முன்னால் இருக்கிறது.

மாங்குளம்: அக்கா, காசும் இல்லை, புது வசதியும் வருவதில்லை. பிறகு ஏன் அடுத்தவர் எழுதியதைத் திருத்துகிறீர்கள்?

சேவை என்று சொன்னால் பொய். எரிச்சல்தான் காரணம். தமிழ் எழுத்துகளை எண்ணும் ஒரே வேலைக்கு அந்தச் செயலியில் மூன்று கோப்புகளில் மூன்று ஃபங்ஷன் இருந்தன. ஒன்றில் பிழையைத் திருத்தினேன். அடுத்த கிழமை அதே பிழை வேறொரு திரையில் வந்து நின்றது. மூன்றாம் தடவையும் வந்தபோது ஓர் இரவு இருந்து மூன்றையும் ஒன்றாக்கினேன். பார்ப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. எனக்கு மட்டும் அதன் பிறகு நித்திரை கெடவில்லை. சிறுபோகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்க முதல் ஆளாக மண்வெட்டியோடு வந்து நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள், வாய்க்காலின் கடைசி வயல் அவருடையதாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வெறுமனே வாசித்தால் எனக்கு நிரல் விளங்காது, கை வைத்தால்தான் விளங்கும். ஒரு கோப்பைப் பிரித்து, பெயர்களை மாற்றி, ஓட்டம் பிடிபட்டதும் அத்தனையையும் அழித்துவிட்டுப் போன நாட்கள் நிறைய. அதை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை.

விசுவமடு: முதல் பங்களிப்பாக ரீஃபாக்டரிங் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. நான் அப்படித்தான் தொடங்கினேன். 40 கோப்புகளை மாற்றி ஒரே புல் ரிக்வெஸ்டாக (என் மாற்றத்தைச் சேருங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினேன், பராமரிப்பவர் ஒரு வரி எழுதி மூடிவிட்டார். இரண்டு நாள் கோபம். இப்போது நினைத்தால் அவர் செய்தது சரி. வேலை முடிந்து வீடு திரும்பி, முன்பின் தெரியாத ஒருவரின் 40 கோப்புகளை யார் இருந்து வாசிப்பது? முதலில் கேளுங்கள். டெஸ்ட் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை) இல்லாத இடமென்றால் டெஸ்ட் எழுதிவிட்டுக் கை வையுங்கள். முக்கியமாக, அமைப்பு மாற்றத்தையும் பிழைத்திருத்தத்தையும் ஒரே கமிட்டில் (ஒரு தடவையாகப் பதியும் மாற்றத் தொகுப்பு) போடாதீர்கள்.

புதுக்குடியிருப்பு: இதைக் காட்டி வேலை எடுக்கலாமா?

உதவும். உறுதி தர முடியாது.

மல்லாவி: ஒக்டோபரில் செய்தால் ரீசேட் தருவார்களாமே?

நீங்கள் கேட்பது ஹக்டோபர்ஃபெஸ்ட், திறந்த மூலத்துக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஒக்டோபர் நிகழ்வு. 2014இல் தொடங்கியது. 2020இல் ரீசேட்டுக்காக வெற்றுத் திருத்தங்கள் வந்து குவிந்ததால், விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். ரீசேட் கிளிநொச்சிச் சந்தையிலேயே வாங்கலாம்.

நெடுங்கேணி: ‘கொக்கிளாய்’ என்று தேடினால் சில பதிவுகள் வருவதில்லை. ஒகரக் குறியைச் சிலர் ஒரே குறியாகவும் சிலர் எகரக் கொம்பு, கால் என இரண்டாகவும் பதிந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவமாக்கினால் அதுவும் ரீஃபாக்டரிங்தானே?

இல்லை. கொக்கிளாய் நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணினி எழுத்துகளைப் பதியும் யூனிகோட் முறையில் ஒரு விதமாக 10 குறி, மற்ற விதமாக 11. இரண்டும் சமம் என்று யூனிகோட் சொல்கிறது, உங்கள் நிரலுக்கு அது தெரியவில்லை. என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் இன்று கிடைக்காத பதிவு நாளை கிடைக்கும். நடத்தை மாறினால் அது பிழைத்திருத்தம். தனிக் கமிட்.

நெடுங்கேணி: திரையில் ஒன்றும் மாறவில்லையே அக்கா.

10 குறிக்கு மேல் ஏற்காத பெட்டியில் பழைய 11 குறி வடிவத்தைப் போட்டுப் பாருங்கள், ‘ய்’யின் புள்ளி வெட்டுப்படும். மாறவில்லை என்று அப்போதும் சொல்வீர்களா?

அறிவியல்நகர்: சிவியில் போடலாமா? வேலை கிடைக்குமா?

புதுக்குடியிருப்புக்குச் சொன்னதை வாசியுங்கள்.

முள்ளியவளை: கோப்பு முழுதும் இடைவெளி திருத்தினால், எந்த வரியை யார் எழுதியது என்பது மறைந்துவிடுமே?

அந்தத் திருத்தம் தனிக் கமிட்டாக இருந்தால், அதை விட்டுவிடு என்று சொல்லலாம்; வரிக்கு வரி எழுதியவரைக் காட்டும் கிட் பிளேம் அதைத் தாண்டிப் பார்க்கும். 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு. தனிக் கமிட் என்று நான் கத்துவது சும்மா இல்லை.

துணுக்காய்: ஒகரம் சரி. ‘கௌரி’யை ‘கெ’, ‘ள’ என்று அடித்தவர்களை என்ன செய்வது? என்எஃப்சி அதைத் தொடாதே.

நல்ல கேள்வி. தொடாது, ஏனென்றால் ‘ள’ தனி எழுத்து.

நெடுங்கேணி: எகரக் கொம்புக்குப் பின்னால் ‘ள’ வந்தால் ஔகாரமாக்கிவிடலாம். ஒரு வரி வேலை.

அந்த ஒரு வரியால் குளத்துக் கெளுத்தி என்னவாகும்? அதிலும் எகரக் கொம்புக்குப் பின்னால் ‘ள’தான் இருக்கிறது. மீனை ஔகாரம் விழுங்கிவிடும், உகரம் அந்தரத்தில் தொங்கும்.

நெடுங்கேணி: ஐயோ. அப்படியென்றால் சொல் பட்டியல் வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

வையுங்கள். முதலில் கௌரியையும் கெளுத்தியையும் டெஸ்ட்டில் சேருங்கள். அப்புறம் திருத்தம்.

நெடுங்கேணி: தனிக் கமிட்.

ஓம்.