பிரஸ் ஷாப்புக்கு ரெடிமேட் பாதுகாப்பு ஃபைல் வாங்கலாமா?

கேள்வி: கோவை கணபதியில் கணவரும் நானும் தகட்டை அடித்துப் பாகங்கள் செய்து தரும் ஜாப் ஆர்டர் பிரஸ் ஷாப் நடத்துகிறோம். ஐந்து பவர் பிரஸ், இரண்டு ட்ரில்லிங் மெஷின், ஒரு பெஞ்ச் கிரைண்டர் இருக்கின்றன. வேலைக்கு எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் பீகார், ஒடிசாப் பையன்கள். ஆர்டர் தரும் பம்ப் கம்பெனி, வேலையிடத்தில் என்னென்ன ஆபத்து இருக்கிறது, அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறோம் என்று ஒரு பதிவேடு கேட்கிறது. அடுத்த மாதம் ஆடிட். ஒரு கன்சல்டன்ட் 18,000 ரூபாய்க்கு ஃபைல் போட்டுத் தருகிறேன் என்கிறார். பிரஸ்ஸுக்கெல்லாம் சென்ஸார் மாட்டச் சொல்லித் தனக்குத் தெரிந்த ஆளையும் அனுப்பினார். பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் சட்டம் உங்களைத் தொடாது என்றும் சொல்கிறார். நாங்களே செய்ய முடியுமா சார்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அந்த ஃபைலை வாங்காதீர்கள் அம்மணி. நீங்களே செய்யலாம். எந்த பிரஸ்ஸில் பெடல் மெதுவாகத் திரும்பி வருகிறது, எந்த டையில் (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சில்) பீஸ் அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது, சாயங்காலம் எண்ணிக்கை குறைந்தால் யார் அவசரப்படுவார் என்பதெல்லாம் உங்களுக்கும் உங்கள் ஆட்களுக்கும்தான் தெரியும். ஷாப்புக்குள் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போகும் கன்சல்டன்டுக்குத் தெரியாது.

இந்த ரெடிமேட் ஃபைல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்பின்னிங் மில்லுக்கு அடித்ததில் பெயரை மட்டும் மாற்றிப் பிரஸ் ஷாப்புக்குக் கொடுப்பார்கள். உள்ளே பஞ்சுத் தூசிக்கு ஒரு பக்கம் இருக்கும், பிரஸ்ஸின் கனத்த சுழல்சக்கரமான ஃப்ளைவீலுக்கு ஒரு வரி இருக்காது. ஒவ்வொரு ஆபத்துக்கும் மூன்றை நான்கால் பெருக்கிப் பன்னிரண்டு என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். நடவடிக்கை என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே வாசகம்தான்: பயிற்சி அளிக்கப்பட்டது, கையுறை வழங்கப்பட்டது. இதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. இல்லாத கார்டை, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பை, இருப்பதாக எழுதிய அந்தத் தாளில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். நாளைக்கு ஒரு பையனுக்கு விரல் போனால் அந்தத் தாளே உங்களுக்கு எதிரான சாட்சி. அப்போது கன்சல்டன்டைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஷிஃப்ட் முடியும் கடைசி ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிரஸ்ஸின் பக்கத்திலும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். கையை மட்டும் கவனியுங்கள். பீஸை வைக்கும்போது விரல் டைக்குள் போகிறதா? எடுக்கும்போது போகிறதா? பீஸ் சிக்கினால் எதை வைத்துத் தட்டிவிடுகிறார்? அந்த நேரத்தில் கால் பெடல் மேல் இருக்கிறதா? அப்புறம் ஆட்களிடம் கேளுங்கள்: எந்த மெஷினில் உட்காரப் பயமாக இருக்கிறது, எப்போதாவது மிதிக்காமலே பிரஸ் அடித்திருக்கிறதா என்று. இந்தி நன்றாகத் தெரிந்த மூத்த பையன் ஒருவரை வைத்துக் கேட்டால் உண்மை வரும். முதலாளி முறைத்துக்கொண்டு நின்று கேட்டால் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்பதுதான் வரும்.

மிதிக்காமலே அடித்தது என்று யாராவது சொன்னால் அந்த பிரஸ்ஸை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். உங்களுடையவை கீ கிளட்ச் பிரஸ் என்று நினைக்கிறேன்; பெடலை மிதித்தால் ‘கீ’ என்ற ஆப்பு விழுந்து ஃப்ளைவீலின் சுற்றை அடிக்கும் பாகத்துக்குக் கொடுக்கும் வகை. நம் பக்கத்துச் சின்ன ஷாப்புகளில் பெரும்பாலும் அதுதான். கீ தேய்ந்தாலோ அதன் ஸ்பிரிங் உடைந்தாலோ, ஒரு அடி அடித்து மேலே நிற்க வேண்டிய ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) நிற்காமல் இன்னொரு முறை இறங்கிவிடும். முதல் அடி முடிந்தது என்று நம்பி பீஸை எடுக்கக் கையை விட்டிருப்பார் ஆள். விரல் போவது அப்படித்தான். அதனால் கீ, ஸ்பிரிங், பெடல் மூன்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். இழுபட்டு வேலை செய்யும் ஸ்பிரிங் இருந்தால், அமுங்கி வேலை செய்யும் ஸ்பிரிங்காக மாற்ற முடியுமா என்று மெஷின்காரரிடம் கேளுங்கள். இழுவை ஸ்பிரிங் உடைந்தால் ஒன்றுமே மிஞ்சாது; அமுங்கும் ஸ்பிரிங் உடைந்தாலும் ஓரளவு தாங்கும்.

இப்போது அந்த சென்ஸார் விஷயம். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் கோவையில் இன்று நடக்கும் பெரிய ஏமாற்று இதுதான். டைக்கு முன்னால் கை ஒளியை மறித்தால் கண்டுபிடிக்கும் ஒளித்திரை சென்ஸார் நல்ல கருவிதான், ஆனால் கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு அது உதவாது. பெடலை மிதித்ததும் கீ விழுந்து, ராமை இயக்கும் கிராங்க் தண்டு ஃப்ளைவீலோடு கோத்துக்கொள்கிறது. அதன்பிறகு ஒரு முழுச் சுற்று முடியும்வரை நடுவில் யாராலும் எதனாலும் நிறுத்த முடியாது. சென்ஸார் கையைப் பார்த்துவிட்டு மோட்டாருக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கும், அவ்வளவுதான். ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் வேகம் ராமை இறக்கியே தீரும். பச்சை விளக்கு எரிகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, கையும் நசுங்குகிறது. சென்ஸார் இருக்கிறதே என்று பையன் தைரியமாகக் கையை விடுவான் என்பது இன்னும் மோசம்.

காற்றழுத்தத்தில் இயங்கும் கிளட்ச்சும் பிரேக்கும் உள்ள பிரஸ், ஹைட்ராலிக் பிரஸ் இவற்றில் ராமை நடுவழியில் நிறுத்த முடியும். அங்கே சென்ஸார் பயன்படும். அதிலும் டையிலிருந்து போதுமான தூரத்தில் மாட்ட வேண்டும். ராம் நிற்க எடுக்கும் நேரத்தைவிடக் கை உள்ளே போக எடுக்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். விற்க வருபவரிடம் ஒரே ஒரு சோதனை கேளுங்கள். டைக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று பெடலை மிதித்ததும், ராம் இறங்கும்போது நீளமான ஒரு மரக்கட்டையால் ஒளித்திரையை மறைக்கச் சொல்லுங்கள். ராம் நடுவில் நின்றால் மேலே பேசலாம். நிற்காவிட்டால் அவரை வழியனுப்பிவிடுங்கள். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாமல் சர்டிபிகேட்டைக் காட்டுபவர்கள்தான் அதிகம். சர்டிபிகேட் சென்ஸாருக்கு, உங்கள் பிரஸ்ஸுக்கு அல்ல.

அப்படியானால் கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு என்ன வழி? கை டைக்குள் போகவே முடியாதபடி செய்வதுதான். பட்டைத் தகட்டை நீளமாக உள்ளே தள்ளி அடிக்கும் வேலை என்றால் எளிது. டையைச் சுற்றிக் கம்பியோ துளைத் தகடோ வைத்து நிரந்தர கார்டு போட்டு, தகடு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள். டையை ஒட்டிய இடத்தில் அந்த இடைவெளி 6 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். விரல் நுழையக் கூடாது. கார்டை நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்குங்கள், கையால் தூக்கி வைக்கிற மாதிரி கொக்கி வேண்டாம். ஒவ்வொரு பீஸாக வைத்து அடிக்கும் இரண்டாம் கட்ட வேலைதான் கஷ்டம். அதற்கு வெளியே பீஸை வைத்துத் தள்ளினால் உள்ளே போய் உட்காரும் சறுக்குத் தட்டு செய்யலாம். அடித்த பீஸ் பின்பக்கமாகச் சரிந்து விழவோ காற்றுக் குழாய் ஊதித் தள்ளவோ செய்யலாம். எதுவுமே முடியாத டைக்குக் காந்தக் குச்சி அல்லது இடுக்கி. பெடலுக்கு மேலே கூரை மாதிரி ஒரு மூடி கட்டாயம் போடுங்கள். ஸ்க்ராப் விழுந்தோ கால் தவறியோ மிதிபடக் கூடாது.

கார்டு போட்ட பிறகு வேலை மெதுவாகிறது என்றால் ஒரு வாரத்தில் அதைக் கம்பி போட்டு மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. பீஸ் கணக்குக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானமாகச் செய் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? கார்டை வடிவமைக்கும்போதே அந்த பிரஸ்ஸில் உட்காரும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டை மாற்றும் நேரம் தனி ஆபத்து. சுவிட்சை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை டை செட்டிங் செய்பவர் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ராமுக்கும் கீழ்த் தளத்துக்கும் நடுவே முட்டுக் கட்டை வைக்க வேண்டும். பெடலைத் தட்டித் தட்டி ராமை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள்.

கையுறை, பூட்ஸ் எல்லாம் இதற்கெல்லாம் பிறகுதான். தகடு தூக்கக் கையுறை நல்லது. ட்ரில்லிங் மெஷினில் கையுறை போடவே கூடாது. சுற்றும் பிட் துணியைப் பிடித்துக் கையையே இழுத்துவிடும். ரெடிமேட் ஃபைல்களில் எல்லா மெஷினுக்கும் கையுறை என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கிரைண்டருக்கு கார்டும் கண்ணாடியும், கல்லின் மேல் எழுதிய வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். எர்த்தைச் சரிபாருங்கள், 30 மில்லிஆம்பியர் கசிவு பிரேக்கர் போடுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதுக்கு அடைப்பான் தேவை. 18 வயது நிறையாத யாரையும் பிரஸ்ஸில் உட்கார வைக்காதீர்கள், ஆதாரை நீங்களே பாருங்கள். ஆள் கொண்டுவரும் ஏஜென்ட் சொல்லும் வயதை நம்ப வேண்டாம்.

பத்துப் பேர் கணக்குக்கு வருகிறேன். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்திருந்த எல்லையை 2020-இல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருபதாக உயர்த்தியது. கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டிப் பக்கத்துச் சின்ன ஷாப்புகளில் பெரும்பாலானவை இதில் வெளியே போய்விடும். விரல் அதிகம் போகும் இடத்தைப் பார்த்து ‘நீ கணக்கில் இல்லை’ என்று சொல்லும் ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் உங்கள் கன்சல்டன்ட் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பத்துப் பேர் இருந்து ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருந்தால், விபத்துக்கு ஈ.எஸ்.ஐ. பணம் தரும். எட்டுப் பேர் என்பதால் நீங்கள் அதற்கு வெளியே இருக்கிறீர்கள். இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் வரும். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம், ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50 சதவீதம். 2020-இன் இன்னொரு தொகுப்பான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் முதலாளியின் அந்தப் பொறுப்பு தொடர்கிறது.

ஆகவே தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள். எட்டுப் பேரையும், உண்மையான சம்பளத்தையும் காட்டுங்கள். ‘நாலு பேர் போதும், பிரீமியம் குறையும்’ என்று சொல்லும் ஏஜென்ட் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. விபத்துக்குப் பிறகு கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பாலிசி உங்களைக் காப்பாற்றாது.

இத்தனைக்கும் பிறகு விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்வது என்பதும் சுவரில் இந்தி, ஒடியா, தமிழ் மூன்றிலும் இருக்கட்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸுக்குள் வைத்துக் கொண்டு போக வேண்டும். விரலை நேராக ஐஸில் போட்டால் கெட்டுவிடும். கோவையில் துண்டான விரலை மறுபடி இணைக்கும் நுண் அறுவை சிகிச்சை வசதி இருக்கிறது. எந்த மருத்துவமனை, எந்த எண் என்பதை இன்றைக்கே விசாரித்து எழுதி ஒட்டுங்கள்.

பதிவேட்டுக்கு ஒரு நீளமான நோட்டு போதும். மெஷினுக்கு ஒரு பக்கம்: என்ன வேலை, கை, கண், காது எப்படி அடிபடலாம், என்ன செய்தோம், யார், எந்தத் தேதியில். கார்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோவை ஒட்டுங்கள். மதிப்பெண் கேட்டால் அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்றே வகை வையுங்கள். இன்னும் செய்யாததைச் செய்யவில்லை என்றும், எந்தத் தேதிக்குள் செய்வோம் என்றும் எழுதுங்கள். விஷயம் தெரிந்த ஆடிட்டர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

டை உங்களுடையதா, கம்பெனி கொடுத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. ஜாப் ஆர்டரில் பெரும்பாலும் கம்பெனிதான் கொடுக்கும். கார்டு மாட்ட வசதியே இல்லாத டையைக் கொடுத்து, பீஸுக்கு இத்தனை பைசா என்று ரேட்டையும் இறுக்கிவிட்டு, பாதுகாப்புப் பதிவேடு எங்கே என்று உங்களிடம் கேட்பது நியாயமே இல்லை. ஆடிட்டுக்கு முன்பே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இந்த எண்ணுள்ள டையில் கை உள்ளே போகிறது, சறுக்குத் தட்டு வைக்க டையில் இந்த மாற்றம் வேண்டும், செலவு இவ்வளவு, பாதியாவது நீங்கள் ஏற்க வேண்டும் என்று. போட்டோவோடு அனுப்பி, நகலை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.