எம்.பி. தொகுதியை விட்டுவிட்டால் அடுத்தவர் எப்போது வருவார்?

"இரண்டு தொகுதிகளில் ஜெயித்தவர் எங்கள் தொகுதியை விட்டுவிட்டால் இடைத்தேர்தல் எப்போது வரும்? அதில் ஜெயிப்பவருக்கு 5 வருடம் முழுசாகக் கிடைக்குமா? அதுவரை சாலை, குடிநீர் என்று யாரிடம் போய் நிற்பது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

5 வருடம் கிடைக்காது, மீதிக் காலம் மட்டும்தான். வயநாட்டையே பாருங்கள். 2024-ல் ராகுல் காந்தி வயநாடு, ரேபரேலி இரண்டிலும் ஜெயித்தார். 14 நாட்களுக்குள் ஒன்றை விடாவிட்டால் இரண்டுமே கையை விட்டுப் போய்விடும் என்பது சட்டம், அதனால் ஜூனிலேயே வயநாட்டை விட்டார். நவம்பர் 13 வாக்குப்பதிவு, 23-ம் தேதி எண்ணிக்கை. 4,10,931 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த பிரியங்கா காந்தி 28-ம் தேதி பதவியேற்றார். இந்த மக்களவை முதலில் கூடியது 2024 ஜூன் 24. அதிலிருந்து 5 வருடம் முடியும்போது, அல்லது நடுவில் அவை கலைந்தால் அன்றைக்கே, அவர் பதவியும் முடிந்துவிடும்.

எப்போது தேர்தல் என்றால், இடம் காலியான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நடத்த வேண்டும். ஆனால் மீதிக் காலம் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை, நடத்துவது கஷ்டம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்று கொடுத்தாலும் தள்ளிப்போகும். புனேயில் 2023 மார்ச்சில் எம்.பி. கிரீஷ் பாபட் இறந்தார். இடைத்தேர்தல் நடத்தச் சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றம் டிசம்பரில் உத்தரவிட்டும், உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால் 2024 பொதுத்தேர்தல் வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஒரு பெரிய நகரம் ஒரு வருடத்துக்கு மேல் மக்களவையில் குரல் இல்லாமல் இருந்தது, இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வயநாட்டிலும் முண்டக்கை, சூரல்மலையை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போன ஜூலை 30 அன்று அந்தத் தொகுதிக்கு எம்.பி. கிடையாது.

சரி, அதுவரை யாரிடம் போவது? உங்கள் மாநிலத்திலிருந்து தேர்வான மாநிலங்களவை உறுப்பினர் யாராக இருந்தாலும், மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் தன் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பணிகளைப் பரிந்துரைக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. எம்.பி. பரிந்துரைப்பதோடு சரி, வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம். அதனால் மனுவின் நகலை கலெக்டர் அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். உள்ளூர்ச் சாலை, குடிநீருக்கு எம்.எல்.ஏ.வே பக்கம். புது எம்.பி. பதவியேற்றதும் அதே மனுவை ரசீதோடு சேர்த்து மறுபடி கொடுங்கள்.