கன்டெய்னரைப் புதுப்பித்தால் 502 வருவது ஏன்?

கேள்வி: எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையில் பில்லிங், ஸ்டாக், வருகைப்பதிவு ஆகிய மூன்று செயலிகளும் ஒரே சர்வரில் தனித்தனி டாக்கர் கன்டெய்னர்களாக (ஒவ்வொன்றும் தனித்து அடைக்கப்பட்ட பெட்டிபோல) இயங்குகின்றன. ஊழியர்கள் 8081, 8082, 8083 என்று போர்ட் எண்ணை நினைவில் வைக்க வேண்டாம் என்பதற்காக முன்னால் இன்னொரு கன்டெய்னரில், கோரிக்கைகளை வாங்கி உரிய செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருளை வைத்தேன். இப்போது பெயரைத் தட்டினாலே திறக்கிறது. ஆனால் ஒரு செயலியைப் புதுப்பித்தால் அது மட்டும் '502 பேட் கேட்வே' என்று நின்றுவிடுகிறது. என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ஏன்?

— வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் அமைப்பு அடிப்படையில் சரியானதே. பிரவுசர் தன் ஒவ்வொரு கோரிக்கையிலும் எந்தத் தளத்தின் பெயரைத் தேடி வந்தது என்பதை 'ஹோஸ்ட்' என்ற தலைப்பில் எழுதி அனுப்புகிறது. அதைப் படித்துத்தான் என்ஜின்எக்ஸ் ஒரே போர்ட்டில் வரும் கோரிக்கைகளை மூன்று கன்டெய்னர்களுக்கும் பிரித்துத் தருகிறது.

சிக்கல் முகவரியில் இருக்கிறது. அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதிய கன்டெய்னர் பெயருக்கு உரிய ஐபி முகவரியை என்ஜின்எக்ஸ் தொடங்கும்போது ஒருமுறை மட்டுமே கேட்டறிந்து, ரீலோடு செய்யும்வரை அதையே வைத்துக்கொள்கிறது. செயலியைப் புதுப்பிக்கும்போதோ, டாக்கர் பழைய கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. அதற்கு வேறு ஐபி கிடைக்கக்கூடும். பழைய முகவரியில் பதில் சொல்ல யாரும் இல்லாததால் 502 வருகிறது. அந்த முகவரி வேறொரு கன்டெய்னருக்குப் போய்விட்டால், பில்லிங் பெயரைத் தட்டியவருக்கு வருகைப்பதிவு திறக்கும் விபரீதமும் நேரலாம்.

இதற்குத் தீர்வு, பெயரை அவ்வப்போது மீண்டும் விசாரிக்கச் சொல்வதுதான். நாமே உருவாக்கும் டாக்கர் நெட்வொர்க்கில் 127.0.0.11 என்ற முகவரியில், பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் உள் டிஎன்எஸ் இருக்கிறது. 'ரிசால்வர்' கட்டளையில் அந்த முகவரியையும் 10 வினாடி செல்லுபடிக் காலத்தையும் கொடுத்து, 'ப்ராக்ஸி பாஸ்' கட்டளையில் கன்டெய்னரின் பெயரை நேரடியாக எழுதாமல் ஒரு மாறியில் வைத்து எழுதுங்கள். அப்போது அந்த மாறிக்குப் பின்னால் பாதை எதையும், ஒற்றைச் சாய்கோட்டைக்கூட, சேர்க்காதீர்கள்; சேர்த்தால் பயனர் கேட்ட பாதை முழுவதும் அழிந்து, நீங்கள் எழுதியது மட்டுமே செயலிக்குப் போகும். டாக்கரின் இயல்பான 'பிரிட்ஜ்' நெட்வொர்க்கில் பெயரைக் கொண்டு தேடும் வசதி கிடையாது. மூன்று செயலிகளும் வெவ்வேறு கம்போஸ் கோப்புகளில் (கன்டெய்னர்களை வரையறுக்கும் டாக்கர் கோப்புகள்) இருந்தால், பொதுவான ஒரு நெட்வொர்க்கை உருவாக்கி, என்ஜின்எக்ஸையும் சேர்த்து எல்லாவற்றையும் அதில் இணைக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். 8081 முதலான போர்ட்டுகளை இன்னும் வெளியே திறந்து வைத்திருந்தால் இன்றே அவற்றைத் திறக்கும் வரிகளை நீக்கிவிடுங்கள். என்ஜின்எக்ஸ் உள் நெட்வொர்க் வழியாகவே செயலியை அடைவதால் அவை தேவையில்லை. டாக்கர் தன் ஃபயர்வால் விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால், லினக்ஸின் 'யுஎஃப்டபிள்யூ' ஃபயர்வால் கருவியில் நீங்கள் தடுத்திருந்தாலும் அந்தப் போர்ட்டுகள் வெளியிலிருந்து எட்டக்கூடியவையாகவே இருக்கும். சோதனைக்கு அவசியமென்றால் 127.0.0.1 முகவரியோடு மட்டும் கட்டி வையுங்கள்.

வருகைப்பதிவில் எல்லோரும் ஒரே ஐபியிலிருந்து வந்ததாகப் பதிவானால், பயனரின் உண்மையான முகவரியை 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' தலைப்பில் அனுப்பவும், என்ஜின்எக்ஸ் அனுப்பும்போது மட்டும் அதை நம்பும்படி செயலியை அமைக்கவும் வேண்டும்.

கேள்வி: என்ஜின்எக்ஸுக்குப் பதிலாக டிராஃபிக் (Traefik) என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லைகள் இருக்காது என்கிறார்களே?

— வாசகர், வேளச்சேரி

பதில்: பெருமளவு உண்மை. கன்டெய்னர்கள் தோன்றுவதையும் மறைவதையும் டிராஃபிக் டாக்கரிடமிருந்தே தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் நாம் எழுதிவைக்கும் லேபிள்களையும் (குறிப்புகள்) படித்து வழிகளைத் தானே அமைக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ்களையும் தானே பெற்றுப் புதுப்பிக்கிறது. தினமும் கன்டெய்னர்கள் வந்துபோகும் இடத்தில் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். மாறாத மூன்று செயலிகளுக்கு என்ஜின்எக்ஸ் போதும்.

ஆனால் டிராஃபிக்குக்கு டாக்கருக்குக் கட்டளையிடப் பயன்படும் சாக்கெட் கோப்பைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அந்தக் கோப்பை அணுக முடிந்தவர் சர்வரின் ரூட் அதிகாரத்தையே (முழு நிர்வாக உரிமை) பெற்றவராவார். படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்வதால் அந்த அபாயம் நீங்காது. ஆகவே தேவையான கோரிக்கைகளை மட்டும் அனுமதிக்கும் சாக்கெட் ப்ராக்ஸி ஒன்றை இடையில் வையுங்கள். கன்டெய்னர்கள் அனைத்தையும் தானாகவே வெளிக்காட்டும் இயல்பு அமைப்பையும் அணைத்துவிட்டு, வெளியே தெரிய வேண்டியவற்றுக்கு மட்டும் லேபிள் இடுங்கள்.